ஒருபொருட் பன்மொழி

“ம்” என்று சொல்லிவிட்டேன். பிலோமினா சிஸ்டர் அட்டையில் செருகியிருந்த தாளைப் பார்த்து, மளிகைச் சாமான் பட்டியல் வாசிக்கிற வேகத்தில், “பேரு ஜெயக்கொடி, வயசு நாப்பத்தி மூணு, கர்ப்பப்பை, ட்யூபு, ரெண்டு ஓவரி, எல்லாம் எடுக்குறது, சரிதான டீச்சர்?” என்று கேட்டாள். பேர் சரி, வயசு சரி, கர்ப்பப்பை சரி, அந்த ஓட்டத்திலேயே வாய் “ம்” போட்டுவிட்டது. அவள் ஒரு டிக் அடித்தாள். “அவசர சிசேரியன் ஒண்ணு உள்ள போயிருக்கு. அது முடியவும் நீங்கதான். முக்கா மணி நேரம் ஆகும், கண்ண மூடிப் படுத்துருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கதவு இரண்டு தடவை ஆடி நின்றது. அது நின்ற பிறகுதான் காது வாங்கியது மண்டைக்குப் போய்ச் சேர்ந்தது. ரெண்டு ஓவரியா? ஓவரியை யார் எடுக்கச் சொன்னது? கட்டி இருப்பது கர்ப்பப்பையில். ஐந்து கட்டி, பெரியது ஒரு சாத்துக்குடி அளவு. ஸ்கேன் எடுத்த டாக்டர் “ஓவரி ரெண்டும் நார்மல்” என்று வாயால் சொன்னார், தாளிலும் அப்படித்தான் இருந்தது. நார்மலாக இருப்பதை எதற்கு எடுக்க வேண்டும்? தப்பாக வாசித்திருப்பாள். வேறு யாருடைய தாளாவது கலந்திருக்கும். இல்லையே, பேரைச் சரியாகச் சொன்னாளே. இந்த அருப்புக்கோட்டையில் இன்னொரு ஜெயக்கொடி இதே வயசில் இதே நாளில் கர்ப்பப்பை எடுக்க வந்து படுத்திருப்பாளா? சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது பத்து. பச்சை அங்கியை முதுகுப் பக்கம் நாடாவால் கட்டியிருக்கிறார்கள், முடிச்சு நடுமுதுகில் உறுத்துகிறது. இடது கையில் ஊசி குத்தி ப்ளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. தாலியைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கழுத்தைத் தடவினால் வேறு யாருடைய கழுத்தோ மாதிரி இருக்கிறது.

படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை நான். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிக்கிறவள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். இருபது வருஷமாக அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். நேற்றுச் சாயங்காலம் சேர்க்கும்போது படிவத்தை நீட்டினார்கள், ஒரு வரி விடாமல் படித்தேன். முதல் வரியே ‘ஒப்புதள் படிவம்’. அந்த ளகரத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? அடித்து ‘ல்’ போட்டேன். முன்மேசையில் இருந்த பெண் சிரித்தாள், “டீச்சருக்கு வந்த எடத்துலயும் பேப்பர் திருத்துற வேலதான்” என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்றால் பொய். அதற்குக் கீழே கோடிட்ட இடத்தில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: வயிற்றைத் திறந்து கருப்பை, சூலகம் நீக்கம். அதையும் படித்தேன். படித்து என்ன நினைத்தேன் என்பது இப்போது அட்சரம் பிசகாமல் ஞாபகம் வருகிறது. சூல் என்றால் கர்ப்பம். சூல் கொண்ட மேகம், நிறைசூலி. சூல் இருக்கிற அகம் சூலகம். ஆக, கருப்பை என்றாலும் சூலகம் என்றாலும் ஒன்றுதான். ஒரே பொருளுக்கு இரண்டு சொல் அடுத்தடுத்து வந்தால் ஒருபொருட் பன்மொழி. நடுமையம், உயர்ந்தோங்கிய, அந்த வரிசையில் இதுவும் ஒன்று. பரவாயில்லையே, ஆஸ்பத்திரிக்காரர்கள் இலக்கணமாக எழுதுகிறார்களே என்று ஒரு நொடி ரசிக்கக்கூடச் செய்தேன். ரசித்துவிட்டு ‘வெ. ஜெயக்கொடி’ என்று போட்டு, கீழே இரண்டு புள்ளி வைத்துக் கோடும் இழுத்தேன். அடி பாவி. சூலகம் என்றால் ஓவரி. நாங்கள் படிக்கிற காலத்தில் அதற்கு அண்டகம் என்று பேர், சூலகம் பூவுக்கு மட்டும்தான். செம்பருத்தியை நீளவாக்கில் பிளேடால் கிழித்து, படம் வரைந்து பாகம் குறித்து, பத்துக்குப் பத்து வாங்கினேன். எங்கள் ஊர்ப் பெண்கள் முட்டைப்பை என்பார்கள், நர்ஸ்மார் ஓவரி என்பார்கள். முட்டைப்பை என்று எழுதியிருந்தால் பேனா நின்றிருக்கும். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று பிள்ளைகளைத் திட்டுவேன். ஒரு ளகரத்தைத் திருத்திவிட்டு ரெண்டு ஓவரியைத் தாரை வார்த்திருக்கிறேன்.

கர்ப்பப்பை போகட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அது என்னைப் படுத்திய பாடு போதும். இரண்டு வருஷமாக மாசத்தில் பதினெட்டு நாள் ரத்தம். மூன்று மாசத்துக்கு ஒரு ஊசி போட்டுப் பார்த்தோம், மாத்திரை தின்று பார்த்தோம், வாழைப்பூவும் அத்திக்காயும் சமைத்துச் சமைத்து வீட்டில் என் மகள் நறுமுகை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற அளவுக்கு வந்தது. பீரோவில் இருந்த வெளிர்நிறப் புடவை எல்லாம் மடித்தது மடித்தபடி. கறுப்பு, மெரூன், கருநீலம், இந்த மூன்றிலேயே இரண்டு வருஷம் ஓட்டினேன். அரையாண்டுத் தேர்வு மேற்பார்வையில் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தேன். மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் தன் துப்பட்டாவை மடியில் வைத்துவிட்டு ஓடினாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அது. அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். ரத்தம் சோதித்தால் ஆறு புள்ளி எட்டு. “இதோட எப்படி நடந்து வந்தீங்க?” என்று டாக்டர் ஹேமலதா கேட்டார். போன வாரம் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பை பதினாறு வாரக் கர்ப்பம் அளவுக்கு வீங்கியிருக்கிறது, முன்னாலேயே சிசேரியன் பண்ணின வயிறு, உள்ளே ஒட்டியிருக்கும், ஓட்டை போட்டு எடுக்க முடியாது, திறந்துதான் எடுக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார். காட்டிவிட்டு, “எல்லாத்தையும் எடுத்துரலாம்” என்றார். எல்லாத்தையும். ஐந்து கட்டியையும் என்று நான் எடுத்துக்கொண்டேன். எல்லாம் என்பது எத்தனை என்று கேட்டிருக்க வேண்டாமா? பிள்ளைகள் ‘முதலியன’ என்று எழுதினால் வட்டம் போட்டு, எவை எவை என்று கேட்பேனே.

ஆனால் டாக்டருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது? சும்மா இருக்கிற ஓவரியை அவராக ஏன் எடுக்கப்போகிறார்? போன புதன்கிழமை என் வீட்டுக்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். பத்து நிமிஷம். வெளியே வந்ததும் “என்ன சொன்னாக?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல கொடி, நல்லபடியா முடிஞ்சிரும்னாக” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தார். அவர் பொய் சொன்னால் காலண்டரைப் பார்ப்பார், கல்யாணமான மூன்றாம் மாசமே எனக்குத் தெரியும். அக்காவைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார். தங்கக்கொடி. என்னைவிட ஆறு வயசு மூத்தவள், நாற்பத்தேழில் போனாள். வயிறு உப்புகிறது என்றாள், வாயு என்றோம். சீரகத் தண்ணி குடி, பெருங்காயம் போட்டுக்கோ, பருப்பைக் குறை. நான்தான் சொன்னேன், படித்த தங்கச்சி. அவள் குடித்தாள். நான்கு மாசம் கழித்து மதுரைக்குக் கொண்டுபோனபோது முட்டைப்பையில் ஆரம்பித்து எங்கேயெல்லாமோ பரவிவிட்டது என்றார்கள். வயிற்றில் குழாய் போட்டு வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்தார்கள். கடைசி இரண்டு மாசம் அவளைத் தூக்கி உட்கார வைத்ததும், படுக்க வைத்ததும் என் வீட்டுக்காரர்தான். அவளுடைய புருஷன் வாசலிலேயே நின்றான். இவர் மில்லில் இரண்டு ஷிப்ட்டுக்கு நடுவே சைக்கிளில் வந்து, “மதினி, அரை டம்ளர் கஞ்சி” என்று கெஞ்சுவார். அந்த மனுஷன் டாக்டரிடம் என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாதா? எல்லாத்தையும் எடுத்துருங்கம்மா, ஒண்ணும் மிச்சம் வைக்காதீங்க. நல்ல மனசு. ஆனாலும் என் வயிற்றைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்து என்னிடம் ஒண்ணுமில்ல என்று சொல்கிற நல்ல மனசு எனக்கு எதற்கு? கோபம் வருகிறது. கோபம் பாதி வரும்போதே பயமும் வருகிறது. அவர் சொன்னது சரியாக இருந்தால்? அக்காவுக்கு வந்தது எனக்கும் உள்ளே எங்கோ மூலையில் முளைத்துக்கொண்டிருந்தால்? பேசாமல் படுத்திருக்கலாம். தப்பாகப் படித்ததே நல்லதாய்ப் போயிற்று என்று இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

இந்த ஆபரேஷனைப் பற்றி ஆசிரியர் அறையில் கேட்காத கதை இல்லை. பையை எடுத்தால் இடுப்பு போகும் என்றாள் ஒருத்தி. உடம்பு ஊதும், கோபம் வரும், ஒன்றுக்கு அடக்க முடியாது, புருஷன் பக்கத்தில் வரமாட்டான், உள்ளே வெறுங்கூடாகக் கிடக்கும். கணக்கு டீச்சர் ஹெப்சிபா ஒருத்திதான் கணக்காகப் பேசுவாள். அவளுக்கு நாற்பத்தைந்தில் இரண்டும் சேர்த்து எடுத்தது. “பையை மட்டும் எடுத்தா மாசாமாசம் வர்றது நிக்கும், அம்புட்டுதான். ஆறு வாரம் குடத்தத் தூக்காத, அப்புறம் நீ பழைய ஜெயக்கொடிதான். ஓவரியையும் எடுத்தாகன்னு வையி, ஒரே நாள்ல பத்து வருசம் தாண்டிருவ” என்றாள். ஜனவரி மாசத்தில் ஃபேனுக்கு அடியில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். போன வருஷம் படியில் லேசாகச் சறுக்கினதற்கே மணிக்கட்டு முறிந்தது, அந்த வயசுக்கு முறியக்கூடாத எலும்பு என்றார்கள். அவளுக்கு உள்ளே கோளாறு இருந்தது, எடுத்தார்கள், சரி. எனக்கு? நறுமுகை பிளஸ் ஒன். எனக்கு இன்னும் பதினேழு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. நாற்பத்து மூன்றில் கிழவியாகப் போகிறதா என்று கேட்டால், அக்காவின் வயிறு கண்முன் வந்து நிற்கிறது. சரி எடுக்கட்டும் என்று மனசை மடக்கினால், அந்த ஃபேனும் ஹெப்சிபாவின் மணிக்கட்டும் வருகின்றன. மறுபடி அக்கா. மறுபடி ஃபேன். செக்கு சுற்றுகிற சுற்றுதான், ஓரடி நகரவில்லை. மணி ஒன்பதரை. உள்ளே குழந்தை அழுகிறது. யாரோ “பொம்பளப்புள்ள” என்கிறார்கள். அடுத்தது நான்.

கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்வது? ‘சிஸ்டர், சூலகம் என்றால் கருப்பை என்று நினைத்துவிட்டேன்’ என்றா? தமிழ் டீச்சருக்குத் தமிழ் தெரியவில்லை என்று ஊர் முழுக்கச் சிரிக்கும். பிலோமினாவின் தங்கச்சி மகன் எட்டு ‘பி’யில் இருக்கிறான், நாளைக்கே வகுப்புக்குப் போய்விடும். பிறகு, டாக்டர். இன்னும் அரை மணியில் என் வயிற்றில் கத்தி வைக்கப் போகிறவரிடம் போய் முகம் சுளிக்கிற மாதிரி ஒரு பேச்சு. வெட்கம் பெரிதா ஓவரி பெரிதா என்று கேட்டால் சிரிப்பாக இருக்கிறது, ஆனால் நெஞ்சுக்குள் இரண்டும் சரிசமமாகத்தான் நிற்கின்றன. “சிஸ்டர்” என்றேன். எனக்கே கேட்கவில்லை. ஒருத்தி ட்ரேயோடு ஓடினாள், திரும்பவில்லை. இன்னொரு தடவை “சிஸ்டர்”. மடிப்புத் துணியோடு இன்னொருத்தி போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது பிள்ளைகளை அடக்குகிற குரல் எங்கே போனது? அப்புறம் அந்தக் குரலிலேயே, கடைசி பெஞ்சைக் கூப்பிடுகிற மாதிரி, “பிலோமினா!” என்று கத்தினேன். ஓடி வந்தாள். “என்னா டீச்சர், வலிக்குதா?” “டாக்டரக் கூப்புடுங்க. அவுக வராம நான் உள்ள வர மாட்டேன்.”

டாக்டர் ஹேமலதா முகமூடியைத் தாடைக்கு இறக்கியபடி வந்தார். சிசேரியன் வேர்வை இன்னும் நெற்றியில் இருந்தது. “என்னம்மா, பயமா இருக்கா?” என்றார். “ஓவரிய எடுக்கப் போறீங்கன்னு எனக்குத் தெரியாது டாக்டர்.” “உங்க வீட்டுக்காரர்ட்ட வெவரமா சொல்லியிருக்கேனே.” “எங்கிட்டச் சொல்லலையே.” அவர் தாளைப் புரட்டினார். “ஃபார்ம்ல இருக்கு, கையெழுத்தும் போட்ருக்கீங்க. தமிழ்லதான எழுதியிருக்கு. நீங்க தமிழ் டீச்சர் வேற.” வந்துவிட்டது. எதற்குப் பயந்தேனோ அது நேரே வந்து நின்றுவிட்டது. “தப்பாப் படிச்சிட்டேன்” என்றேன். இருபது வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை அந்த வார்த்தையை. “ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன். வார்த்தை தெரியல.” பிலோமினா தரையைப் பார்த்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. மர ஸ்டூலை இழுத்துப் போட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்தார். “நாந்தான் உங்கள்ட்டச் சொல்லிருக்கணும்” என்றார். எனக்கு அதைக் கேட்டதும் அழுகை இன்னும் கூடிவிட்டது. பிறகு பொறுமையாகச் சொன்னார். அக்காவுக்கு வந்ததால் எனக்கு வந்தே தீரும் என்று இல்லை, மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். எடுத்துவிட்டால் அந்தப் பயம் ஏறக்குறைய இல்லை. ஆனால் இந்த வயசில் எடுத்தால் உடம்புச் சூடு, தூக்கமின்மை, எலும்பு, இருதயம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும், மாத்திரை தரலாம். ட்யூபை மட்டும் எடுத்தாலும் ஆபத்து கொஞ்சம் குறையும். “ரெண்டுமே தப்பில்ல டீச்சர். ஆனா நீங்க சொல்லணும்.”

அதற்குள் யார் போய்ச் சொன்னார்களோ, வீட்டுக்காரர் கதவு வரைக்கும் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கால் வைக்கப் பயந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எடுத்துரச் சொல்லு கொடி.” “எங்கிட்ட ஏன் சொல்லல?” “சொன்னா நீ பயந்துக்கிருவ.” “இப்ப மட்டும் பயமில்லையா?” அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். “மதினி கெடந்த கெடப்ப நாந்தான பாத்தேன். இன்னொரு தடவ என்னால பாக்க முடியாதுத்தா.” அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. சரி, உங்களுக்காக எடுத்துவிடுகிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. அப்படித்தானே எல்லாம் முடிந்திருக்கிறது, யாராவது ஒருவர் கண் கலங்கினால் நான் தலையாட்டியிருக்கிறேன். “வெளிய உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்” என்றேன். அவர் போகும்போது ஒரு செருப்பை மாட்டாமலே போனார். டாக்டர், “முதுகுல ஊசிதான் போடப் போறோம், நீங்க முழிச்சுத்தான் இருப்பீங்க. தூங்க வைக்கிற மருந்து ஒண்ணும் போடச் சொல்லல. கர்ப்பப்பையையும் ட்யூபையும் எடுத்துட்டு ஓவரியப் பாத்துச் சொல்றேன். அப்ப முடிவு பண்ணுங்க” என்றார். தாளில் ‘சூலகம்’ என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ‘நோயாளி நேரில் சொல்வார்’ என்று எழுதி நீட்டினார். ஊசி குத்திய கையோடு கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

இப்போது இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றுமில்லை. கால் இருக்கிறது என்று ஞாபகம்தான் இருக்கிறது. நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருக்கிறார்கள். வலி இல்லை, ஆனால் இழுக்கிறார்கள் என்று தெரிகிறது, யாரோ ட்ரங்குப் பெட்டிக்குள் கையை விட்டு அடியில் கிடக்கிற எதையோ தேடுகிறார்கள். வாடை வருகிறது, கருகின வாடை. என் சதைதான் அது. “மூச்ச இழுத்து விடுங்க” என்கிறது தலைமாட்டுக் குரல். இழுத்து விடுகிறேன். மணி பார்க்க முடியவில்லை. நறுமுகை இருந்த வீடு போகிறது, போகட்டும், அவள் அதை எப்போதோ காலி பண்ணிவிட்டு வந்து பிளஸ் ஒன் படிக்கிறாள். இதை நினைத்து அழ வேண்டுமா, ரத்தம் நிற்கப் போகிறது என்று சிரிக்க வேண்டுமா? இரண்டும் வரவில்லை, வாய் வறண்டு கிடக்கிறது. “கர்ப்பப்பை வந்துருச்சு டீச்சர்” என்றார் டாக்டர். தட்டில் எதுவோ கனமாக விழுந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கருவிச் சத்தமும் நின்றுவிட்டது. ஏன் பேசாமல் இருக்கிறார்கள்? எதையோ பார்த்துவிட்டார்கள். அக்காவுக்கும் இப்படித்தான், டாக்டர்கள் பேசாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“ரெண்டு ஓவரியையும் நல்லாப் பாத்துட்டேன்” என்றது திரைக்கு அந்தப் பக்கத்துக் குரல். “சுத்தமா இருக்கு. வெள்ளையா, சின்னதா, உங்க வயசுக்கு எப்படி இருக்கணுமோ அப்படி. இன்னைக்கி நல்லா இருக்கு. நாளைக்கி எப்படின்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது. வருசா வருசம் ஸ்கேனுக்கு வரணும். இப்ப சொல்லுங்க டீச்சர்.” எல்லாரும் காத்திருக்கிறார்கள். வயிறு திறந்து கிடக்கிறது, கேள்வி மேலே நிற்கிறது. நாளைக்கு எப்படி என்று யாராலும் எழுதித் தர முடியாது. கதவுக்கு வெளியே ஒற்றைச் செருப்போடு அவர் உட்கார்ந்திருக்கிறார். நான் தப்பாக முடிவெடுத்தால் அவர்தான் மறுபடி தூக்கி உட்கார வைப்பார். அக்கா, நீ இருந்தால் என்ன சொல்வாய்? நீ எதையும் சொல்லமாட்டாய், நான் சொன்ன சீரகத் தண்ணியைக் குடித்துக்கொண்டு இருப்பாய். பயமாக இருக்கிறது. பயம் போன பிறகு சொல்லலாம் என்றால் அது போகப் போவதில்லை.

“இருக்கட்டும்” என்றேன்.

டாக்டர் திரைக்கு மேலே எட்டிப் பார்த்தார். “போனாப் போகுதுங்கிற இருக்கட்டுமா டீச்சர், இல்ல எனக்கு வேணும்ங்கிற இருக்கட்டுமா? இன்னொரு தடவ தப்பாப் புரிஞ்சுக்கிற வேணாம்.”

“எனக்கு வேணும்” என்றேன்.